யோசனை விற்கும் புஸ்தகங்கள்

வியாபாரிகளுக்குக் கற்பனை கற்றுக் கொடுக்கிற புஸ்தகங்களை நான் கதைப் புஸ்தகங்களாகத்தான் படிக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் இதைக் கேட்டால் கோபித்துக் கொள்ளக்கூடும். ஆனால் அவர்கள் எழுதியிருப்பது அப்படி. பத்துப் பக்கத்துக்கு ஒரு கதை வருகிறது. ஒரு கம்பெனி கஷ்டத்தில் இருக்கிறது. எல்லாரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் எழுந்து யாரும் நினைக்காத ஒரு வார்த்தை சொல்கிறான். கம்பெனி பிழைத்துக் கொள்கிறது. கதை முடிந்ததும் ஆசிரியர், இப்படித்தான் யோசிக்க வேண்டும் என்று ஒரு சூத்திரத்தை நம் கையில் கொடுத்து விடுகிறார். சூத்திரம் சரிதானா என்று சொல்ல வியாபாரம் தெரிந்தவர்கள் வேண்டும். கதை சரிதானா என்று சொல்ல, கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கதையில் கோளாறு இருந்தால் அதிலிருந்து பிழிந்தெடுத்த சூத்திரத்தையும் சந்தேகிக்க வேண்டியதுதான்.

இந்த வகைப் புஸ்தகங்கள் கணக்கில்லாமல் பெருகிவிட்டன. ரயிலடிக் கடையிலும் விமான நிலையத்திலும் அடுக்கி வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை மூன்று நான்கு மூலப் புஸ்தகங்களின் பேரன் பேத்திகள். எனவே மூலங்களையே எடுத்துக் கொள்வது நியாயம். ஜேம்ஸ் வெப் யங் 1940-ல் வெளியிட்ட சின்னப் புஸ்தகம் ஒன்று. அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1953-ல் வெளியிட்ட தடிப் புஸ்தகம் ஒன்று. எட்வர்ட் டி போனோ 1967-ல் வெளியிட்டது ஒன்று. முதல் இருவரும் அமெரிக்க விளம்பரக் கம்பெனிக்காரர்கள். மூன்றாமவர் மால்டாத் தீவில் பிறந்த டாக்டர். இவற்றோடு, இந்த அலமாரியில் சாதாரணமாக யாரும் வைக்காத ஒரு ஜப்பானியரின் புஸ்தகத்தையும் கடைசியில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

கதை என்று பார்த்தால் டி போனோதான் கெட்டிக்காரர். புஸ்தகத்தைக் கதையோடேயே ஆரம்பிக்கிறார். லண்டனில் ஒரு வியாபாரி. வட்டிக்காரனிடம் பட்ட கடனை அடைக்க முடியவில்லை. கடன்பட்டவனைச் சிறையில் போடுகிற காலம் அது. வட்டிக்காரன் கிழவன், அவலட்சணமானவன். வியாபாரியின் பெண்மேல் அவனுக்கு ஒரு கண். அவன் ஒரு பேரம் பேசுகிறான். காலிப் பணப்பையில் ஒரு கறுப்புக் கூழாங்கல்லும் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லும் போடுவானாம். பெண் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டுமாம். கறுப்பு வந்தால் அவள் அவனுக்கு மனைவி, கடன் தள்ளுபடி. வெள்ளை வந்தால் அவள் அப்பாவோடேயே இருக்கலாம், அப்போதும் கடன் தள்ளுபடி. எடுக்க மாட்டேன் என்றால் அப்பாவுக்குச் சிறை. கூழாங்கல் பரப்பிய தோட்டப் பாதையில் நின்றுதான் இந்தப் பேச்சு நடக்கிறது. வட்டிக்காரன் குனிந்து இரண்டு கற்களைப் பொறுக்கிப் பையில் போடுகிறான். இரண்டும் கறுப்பு. பெண் அதைக் கவனித்து விடுகிறாள். கையை விட்டு ஒரு கல்லை எடுக்கிறாள். பார்ப்பதற்கு முன்பே கை தவறியதுபோல் பாதையில் நழுவ விடுகிறாள். அது மற்றக் கற்களோடு கலந்து விடுகிறது. பையில் மிஞ்சியிருக்கிற கல்லைப் பார்த்தால் தான் எடுத்தது எது என்று தெரிந்துவிடுமே என்கிறாள். மிஞ்சியது கறுப்பு. ஆகவே எடுத்தது வெள்ளை!

நம் ஊரில் மரியாதைராமன் கதையும் தெனாலிராமன் கதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மிகவும் பழகின ருசி. குழந்தைகளுக்குச் சொன்னால் கை தட்டுவார்கள். டி போனோ இதற்குச் சொல்கிற வியாக்கியானம் என்னவென்றால், நேர்வழித் தர்க்கக்காரன் பெண் எடுக்க வேண்டிய கல்லையே நினைத்துக் கொண்டிருப்பான். பக்கவாட்டில் யோசிக்கிறவளோ பையில் மிஞ்சப் போகிற கல்லை நினைக்கிறாள் என்பது. இந்தப் பக்கவாட்டு யோசனைக்குத்தான் அவர் லாட்டரல் திங்கிங் என்று பெயர் சூட்டினார். பெயர் நிலைத்து விட்டது.

வியாக்கியானம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையை எழுதுகிறவன் கண்ணில் வேறொன்று படுகிறது. "கவனித்து விடுகிறாள்" என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் வருகிறதே, கதையின் உயிர் அங்கே இருக்கிறது. அவள் அந்த ஒரு கணம் தோட்டத்துப் பூவைப் பார்த்துக் கொண்டிருந்தால் எத்தனை பக்கவாட்டில் யோசித்தும் பயனில்லை. சாதுவாகக் கையை விட்டுக் கறுப்புக் கல்லை எடுத்துக்கொண்டு கிழவனோடு போயிருப்பாள். அது மட்டும் இல்லை. காலடியில் ஆயிரம் கூழாங்கல் கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இந்த மனிதன் ஊருக்கு முன்னால் தன் பித்தலாட்டத்தை ஒப்புக்கொள்ள மாட்டான் என்று அவனை எடை போட்டும் வைத்திருக்கிறாள். வேறு மாதிரி ஆளாக இருந்தால், ஆமாம், இரண்டும் கறுப்புத்தான், என்ன செய்வாய் என்று கேட்டிருப்பான், கதை கந்தலாகியிருக்கும். இடத்தைப் பார்த்தது, ஆளைத் தெரிந்து வைத்திருந்தது, கையைக் கவனித்தது என்று மூன்று காரியம் நடந்த பிறகு, நான்காவதாக வருகிறது அந்த யோசனை. டி போனோ நான்காவதை மட்டும் பிய்த்து எடுத்துப் பெயர் வைக்கிறார். முதல் மூன்றும் அவருக்குக் கதை நடத்த வேண்டிய சில்லறைச் சாமான்கள்.

மரியாதைராமன் கதைகளில் இந்தக் குறை கிடையாது என்று சொல்லத் தோன்றுகிறது. நெய் வழக்கு எல்லாருக்கும் தெரியும். நிறைய மாடு வைத்திருக்கிறவளும் ஒரே மாடு வைத்திருக்கிறவளும் நெய்க் கடனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒற்றை மாட்டுக்காரி கடன் கொடுத்ததாகச் சொல்வதை யார் நம்புவார்கள்? ராமன் இருவரையும் சேற்றில் நடக்க வைத்து, கால் கழுவ ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கிறான். ஒருத்தி மொத்தத்தையும் கொட்டியும் சேறு போகவில்லை. மற்றவள் சேற்றை வழித்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீரில் கழுவி, மிச்சமும் வைத்திருக்கிறாள். தீர்ப்பு சொல்லியாகி விட்டது. ராமன் எங்கேயும் தாவவில்லை. குடும்பம் நடத்துகிற இரண்டு பெண்களின் கையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு ஒரு வழி செய்து கொண்டான், அவ்வளவுதான். இந்தக் கதையைக் கட்டியவர் யாரோ, அவருக்குத் தண்ணீர்ச் செலவு தெரிந்திருக்கிறது.

டி போனோ பிற்பாடு, 1985-ல், ஆறு தொப்பிப் புஸ்தகம் எழுதினார். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டால் தகவல், சிவப்பில் உணர்ச்சி, கறுப்பில் ஆட்சேபணை என்று வரிசையாகப் போகும். கூட்டத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரே தொப்பியோடு யோசிக்க வேண்டும். சண்டைக்காரச் சபைகளுக்கு நல்ல ஒழுங்கு முறைதான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பார்ன் விஷயம் வேறு. இவரைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கின் பெரிய விளம்பரக் கம்பெனிகளில் ஒன்றில் பங்குதாரர். கம்பெனியின் நீளமான பெயரில் கடைசிப் பெயர் இவருடையது. 1939 வாக்கில் தம் ஆட்களைக் கூட்டி வைத்து யோசனை சொல்லச் சொன்ன முறைக்கு பிரெயின்ஸ்டார்மிங் என்ற பெயர் வந்தது. மூளைப் புயல் என்று தமிழில் சொல்கிறார்கள். புயல் அடித்து மறு நாள் காலையில் தோப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்த தஞ்சாவூர்க்காரன் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டான். போகட்டும். அவருடைய சட்டம் நான்கே நான்கு. யாருடைய யோசனையையும் அப்போது குறை சொல்லக் கூடாது. எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிறையச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்து ஒட்டியும் வெட்டியும் வளர்க்க வேண்டும்.

முதல் சட்டத்தின் உண்மை எழுத்தாளனுக்கு உடனே புரியும். முதல் பிரதி எழுதும்போது உள்ளே இருக்கிற விமரிசகன் விழித்துக்கொண்டால் காகிதம் வெள்ளையாகவே இருக்கும். அவனைக் கொஞ்சம் தூங்கப் பண்ணித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆஸ்பார்ன் இளமையில் பத்திரிகை நிருபராக இருந்தவர். அவருக்கும் இந்த அனுபவம் இருந்திருக்கும். ஆனால் தனி மனிதன் காகிதத்தோடு செய்கிற காரியத்தை ஒரு டஜன் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்ய முடியுமா என்பது இன்னொரு கேள்வி.

அந்தக் கேள்வியைச் சிலர் பரீட்சை செய்தே பார்த்தார்கள். 1958-ல் யேல் சர்வகலாசாலையில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் மாணவர்களை நாலு நாலு பேராகச் சேர்த்து ஆஸ்பார்ன் சட்டப்படி யோசிக்கச் சொன்னார்கள். வேறு மாணவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து அதே கேள்வியைக் கொடுத்து, பிறகு நாலு பேர் எழுதியதை ஒன்றாகச் சேர்த்து எண்ணினார்கள். தனித்தனியே உட்கார்ந்தவர்களின் யோசனை ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது! ஏன் இப்படி என்று 1987-ல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் ஆராய்ந்தார்கள். பெரிய காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் வந்த யோசனை போய்விடுகிறது. கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிற இடத்தில் நின்று பழகியவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். ஆஸ்பார்னுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டமாக யோசிப்பது தனியாக யோசிப்பதற்குத் துணைதான், பதில் ஆகாது என்று அவரே எழுதியிருக்கிறார். அவருடைய பக்தர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் சட்டத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 2004-ல் சார்லன் நெமெத்தும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் சில கூட்டங்களுக்கு நேர்மாறான உத்தரவு கொடுத்தார்கள்: விவாதம் செய்யுங்கள், ஒருவர் யோசனையை இன்னொருவர் குறையும் சொல்லுங்கள் என்று. அந்தக் கூட்டங்கள் வாய் மூடியிருக்கச் சொன்ன கூட்டங்களுக்குக் குறைந்துவிடவில்லை. சற்று அதிகமாகவே யோசனை சொல்லின. விமரிசனம் சிருஷ்டிக்குச் சத்துரு என்று நம் இலக்கிய உலகிலும் அடிக்கடி சொல்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை.

எண்ணிக்கையைக் காட்டிலும் என்னை உறுத்துவது வேறு. அந்த அறைக்குள் யார் இருக்கிறார்கள்? நண்பர் ஒருவர் வேலை பார்க்கிற கம்பெனியில் இப்படி ஒரு கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். நல்ல ஹோட்டல், குளிர்சாதன ஹால். விற்ற சாமான்கள் ஏன் திரும்பித் திரும்பி வருகின்றன என்பது கேள்வி. கலர் கலராகச் சின்னச் சீட்டுகளில் யோசனைகளை எழுதிச் சுவர் முழுவதும் ஒட்டினார்கள். விளம்பரத்தை மாற்ற வேண்டும், பெட்டியின் நிறத்தை மாற்ற வேண்டும், வாங்குகிறவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டின்போது, திரும்பி வருகிற சாமான்களை யார் வாங்கி வைக்கிறார்கள் என்று நண்பரைக் கேட்டேன். கிடங்கில் ஒரு பையன் வாங்கி வைத்து நோட்டுப் புஸ்தகத்தில் எழுதுகிறான் என்றார். அந்த நோட்டு எங்கே? கிடங்கில்தான் இருக்கும் என்றார். பையனையும் கூப்பிடவில்லை, நோட்டையும் கொண்டுவரவில்லை. சாயங்காலம் சுவரைப் போட்டோ எடுத்துக் கொண்டார்கள்.

அந்தச் சீட்டுக்கே ஒரு கதை உண்டு. யோசனைப் புஸ்தகங்கள் எல்லாம் விரும்பிச் சொல்கிற கதை. அமெரிக்காவில் திரீஎம் கம்பெனியின் ரசாயனக்காரர் ஸ்பென்ஸர் சில்வர் பலமான பசை தேடப் போய், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற ஒரு பசையைக் கண்டுபிடித்தார். மாதா கோவிலில் பாடுகிற ஆர்ட் ஃப்ரை என்ற இன்னொரு ஊழியர், பாட்டுப் புஸ்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கிற சீட்டு விழுந்துகொண்டே இருக்கிறதே என்று எரிச்சலில் இருக்கும்போது அந்தப் பசை ஞாபகத்துக்கு வந்தது. தற்செயலும் மின்னலும் சேர்ந்த அழகான கதை. வருஷங்களைச் சேர்த்துப் படித்தால் ருசி மாறுகிறது. பசை 1968-ல். கோவில் சம்பவம் 1974-ல். நடுவில் இருக்கிற வருஷங்களில் சில்வர் கம்பெனிக்குள் கூப்பிட்ட இடத்திலெல்லாம் போய், இப்படி ஒரு பசை இருக்கிறது, யாருக்காவது உபயோகப்படுமா என்று பிரசங்கம் செய்து கொண்டிருந்தார். ஃப்ரைக்கு அதைக் கேட்டுத்தான் தெரியும். 1977-ல் நாலு ஊரில் விற்றுப் பார்த்தார்கள்; எடுபடவில்லை. மறு வருஷம் பாய்ஸி என்ற ஊரில் கட்டுக் கட்டாக இனாமாகவே கொடுத்தார்கள். கையில் வைத்து ஒட்டிப் பார்த்தவர்கள் பிறகு விடவில்லை. தேசம் முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980-ல். பன்னிரண்டு வருஷக் கதையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் வெட்டியெடுத்துத் தருகிறார்கள். சிறுகதைக்கு அது சரி. ஆனால் நாளைக்கு அலுவலகத்தில் இதேபோல் செய்யலாம் என்று ஒருவனிடம் கொடுக்கிற கதையில், ஆறு வருஷம் சளைக்காமல் பேசிக் கொண்டிருந்தவனை வெட்டுவது மோசடிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

எல்லைக்கு வெளியே போய் யோசி என்கிற உபதேசத்துக்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். மூன்று வரிசையில் ஒன்பது புள்ளி. கையை எடுக்காமல் நாலு நேர்க்கோட்டில் எல்லாவற்றையும் தொட வேண்டும். கோடு சதுரத்துக்கு வெளியே நீள வேண்டும் என்பதுதான் ரகசியம். 1981-ல் வைஸ்பெர்க், ஆல்பா என்ற இருவர் இந்த ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். அப்படியும் பெரும்பாலோர்க்கு வரவில்லை. வெளியே போ என்றால் மட்டும் போதாது போலிருக்கிறது. எங்கே போவது என்று தெரிய அந்த மாதிரிக் கணக்குகளோடு கொஞ்சம் பழக்கம் வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் முதலில் எழுதிய யங் இதை அறிந்திருந்தார். அவருடைய புஸ்தகத்தைக் காப்பி ஆறுவதற்குள் பாதி படித்து விடலாம். புது யோசனை என்பது பழைய சரக்குகளின் புதுச் சேர்க்கை என்பது அவர் கட்சி. அதற்கு ஐந்து படி சொல்கிறார்: சரக்குச் சேர்ப்பது, அதை மென்று பார்ப்பது, பிறகு மறந்துவிட்டு வேறு வேலை பார்ப்பது, தானாக வருவதைப் பிடித்துக் கொள்வது, வந்ததை உலகத்துக்கு ஏற்றபடி தட்டிச் சீர் செய்வது. மூன்றாம் நான்காம் படிகளைத்தான் பின்னால் வந்தவர்கள் கொண்டாடினார்கள். குளிக்கும்போது யோசனை வரும், உலாவும்போது யோசனை வரும் என்றார்கள். யங் அதிகம் கவலைப்படுவது முதல் படியைப் பற்றி. எல்லாரும் அதைத்தான் ஏய்க்கிறார்கள் என்கிறார். அங்கே அவர் எடுக்கிற உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. மாப்பஸானுக்கு ஒரு மூத்த எழுத்தாளர் கொடுத்த பயிற்சி அது: பாரிஸ் தெருவில் போய் ஒரு வண்டிக்காரனைப் பார், மற்ற வண்டிக்காரர்களைப்போலத்தான் தோன்றுவான், உலகத்தில் வேறு எந்த வண்டிக்காரனும் அவனைப்போல் இல்லை என்று தெரிகிற மாதிரி அவனைப் பற்றி எழுத வருகிற வரைக்கும் பார்த்துக் கொண்டிரு. சோப்பு விற்கிறவர்களுக்குச் சொல்கிற புஸ்தகத்தில் இது வருகிறது! சோப்பைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல முடியும் என்று கைவிட்டிருந்தவர்கள், தோலோடும் தலைமுடியோடும் சோப்புக்கு உள்ள சம்பந்தத்தை ஆராய வைத்தார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து ஐந்து வருஷத்துக்கு விளம்பர யோசனை கிடைத்தது என்கிறார் யங். கூட்டம் போட்டுக் கிடைத்ததல்ல.

இனி அந்த ஜப்பானியர். டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் உற்பத்தி முறையையே மாற்றியமைத்த டயிச்சி ஓனோ, 1978-ல் தம் முறையைப் பற்றிப் புஸ்தகம் எழுதினார். நடை வறட்சிதான். சுவாரஸ்யத்துக்காக எழுதியதல்ல. ஆனால் அதில் ஒரு சின்னக் கதை இருக்கிறது. நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அது நல்ல கதை. ஒரு யந்திரம் நின்றுபோகிறது. ஏன்? பாரம் அதிகமாகி ஃபியூஸ் போயிற்று. பாரம் ஏன் அதிகமாயிற்று? பேரிங்குக்குப் போதிய எண்ணெய் போகவில்லை. ஏன் போகவில்லை? எண்ணெய்ப் பம்பு சரியாக இழுக்கவில்லை. அது ஏன் இழுக்கவில்லை? பம்பின் அச்சு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி வைக்கவில்லை, உலோகத் துணுக்கு உள்ளே போய்விட்டது. ஃபியூஸை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நாலு மாசத்தில் மறுபடி நின்றிருக்கும். நல்ல துப்பறியும் கதையைப்போலப் பின்னோக்கியே நடந்து போகிறது. இதில் மேதை என்று யாரும் இல்லை. ஒவ்வொரு "ஏன்" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல ஒருவன் எழுந்து போய் யந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நாற்காலியில் இருந்தபடி இரண்டாவது கேள்விக்குமேல் நகர முடியாது.

யோசனைப் புஸ்தகக்காரர்கள் ஓனோவை எடுத்தாள்வது வேறொரு சம்பவத்துக்காக. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில், வாங்குகிறவர் எடுக்க எடுக்க, எடுத்த அளவுக்கு மட்டும் தட்டை நிரப்புகிற ஏற்பாட்டிலிருந்து அவருக்குத் தொழிற்சாலைக்கு யோசனை கிடைத்தது. பின்வேலைக்காரன் வேண்டியதை வேண்டியபோது முன்வேலைக்காரனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததைத்தான் முன்வேலைக்காரன் மறுபடி செய்ய வேண்டும். மளிகைக் கடையிலிருந்து மோட்டார் பட்டறைக்கு ஒரே தாவல்! தாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் தாவியவர் 1932-லிருந்து டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவுக் கம்பெனியில் இருந்தவர், 1943-ல் மோட்டாருக்கு மாறியவர். இழை அறுந்தால் தானே நின்றுவிடுகிற தறியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மோட்டார் பட்டறையில் எந்த மூலையில் எந்தச் சாமான் வீணாகக் குவிந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதே சூப்பர் மார்க்கெட்டில் லட்சக் கணக்கானவர்கள் தினமும் சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அறுந்தால் நிற்கிற தறியிலிருந்து வந்த இன்னொரு ஏற்பாடும் அங்கே உண்டு. கோளாறு கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து வேலை வரிசையையே நிறுத்தலாம். ஆஸ்பார்னின் அறையையும் இந்தக் கயிற்றையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மணி நேரத்துக்கு யாரும் குறை சொல்லக் கூடாது. இங்கே நாள் முழுவதும் குறை சொல்வது, அதுவும் மிகக் கீழ்ப்படியில் இருப்பவன் குறை சொல்வது, வேலையின் ஒரு பகுதி. கிடங்குப் பையனின் நோட்டுக்கு அந்தக் கயிற்றின் மரியாதை கிடைத்திருந்தால் அன்றைக்கு ஹோட்டல் செலவு மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், வியாபாரப் பள்ளிகள் நம் மதுரையைப் பற்றிச் சொல்கிற கதையையும் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண் டாக்டர் கோ. வெங்கடசாமி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். 1993-லேயே ஹார்வர்டில் அதைப் பாடமாக வைத்துவிட்டார்கள். பிரசங்கிகள் சொல்கிற உருவம் இது: டாக்டர் அமெரிக்காவில் மக்டொனால்ட் பலகாரக் கடையைப் பார்த்தார், ஒரே தரத்தில் மலிவாக ஊர் ஊராகப் பலகாரம் கொடுக்க முடிந்தால் கண்புரை ஆபரேஷனும் கொடுக்க முடியும் என்று மின்னல் வெட்டியது. மக்டொனால்டைப் பற்றி அவர் பேசியது மெய்தான். ஆனால் இளமையிலேயே மூட்டுவாதம் வந்து முடங்கிய விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கியவர் அவர். சர்க்கார் டாக்டராக இருந்து, கிராமம் கிராமமாக முகாம் போட்டு, ஆயிரக் கணக்கான கண்களைப் பார்த்தவர். ஆபரேஷனில் டாக்டரே செய்ய வேண்டியது எவ்வளவு, கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் செய்யக்கூடியது எவ்வளவு என்று அவருக்கு அணு அணுவாகத் தெரியும். அதனால்தான் ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருக்கிற ஏற்பாடு அங்கே அமைந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டில் ஏழைக்கு எட்டாத விலை விற்றபோது, 1992-ல் மதுரையிலேயே அதைச் செய்ய ஆரம்பித்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப்படுவது வேறொன்று. ஆபரேஷன் இனாம் என்று சொல்லியும் ஜனங்கள் வரவில்லை. யோசனைக் கூட்டம் போட்டிருந்தால் என்னென்ன வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: பிரசாரம் போதவில்லை, மூட நம்பிக்கை, சினிமா நட்சத்திரத்தைக் கூப்பிடலாம். ஊர்களில் போய் விசாரித்தார்கள். ஆபரேஷன் இனாம்தான், பஸ்ஸுக்கு யார் கொடுப்பார்கள்? அங்கே சாப்பாடு? பார்வையில்லாத கிழவியைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு அன்றைக்குக் கூலி போய்விடுமே? பதில் இப்படி வந்த பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதற்கு எந்தத் தொப்பியும் தேவைப்படவில்லை. முகாமிலேயே பரிசோதித்து, வேண்டியவர்களை அங்கிருந்தே வண்டியில் ஏற்றி, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். பணம் கொடுக்கக் கூடியவர்கள் கொடுத்த பணத்தில் இதுவும் நடந்து ஆஸ்பத்திரியும் வளர்ந்தது.

இந்த நாலு புஸ்தகங்களில் எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: யங்கை வாங்கிவிடலாம், விலையும் குறைவு, வளவளப்பும் இல்லை. ஆஸ்பார்னை நூலகத்தில் எடுத்து, அவருடைய பக்தர்கள் தாண்டிப்போன பக்கங்களைப் படிக்கலாம். டி போனோவில் முதல் கதையைப் படித்துவிட்டு, அந்தப் பெண் எதையெல்லாம் பார்த்தாள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். ஓனோவை ஆரம்பத்திலிருந்து படிக்க முயன்றால் தூக்கம் வரும். யந்திரம் நிற்கிற பக்கத்தில் திறந்து அங்கிருந்து படிப்பது நல்லது.